விழித்திரையின் படம் சொல்லும் செய்தி

2022-ஆம் ஆண்டு, ஆடிப் பெருக்கு முடிந்து இரண்டு வாரங்கள் கழித்து, ஸ்ரீரங்கத்தின் உத்திர வீதிகளுள் ஒன்றிலிருந்து 74 வயதான அம்மையார் ஒருவர் தம் பேத்தியின் துணையோடு எங்கள் விழித்திரைப் பிரிவுக்கு வந்தார். மூக்குக் கண்ணாடியின் பவரை மாற்றித் தந்தால் போதும் என்பதே அவருடைய கோரிக்கை. கண்புரை அறுவைச் சிகிச்சை நான்கு ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துவிட்டதால், வேறு கோளாறு இருக்கக்கூடும் என்று குடும்பத்தார் எண்ணவில்லை. இடக்கண் சில ஆண்டுகளாகவே மங்கல்தான். அதை வயதின் கணக்கில் எழுதிவிட்டிருந்தார்கள்.

விவரமாகச் சொல்லுங்கள் என்று கேட்டபோது அவர் கூறியது எங்கள் நினைவை விட்டு அகலவில்லை. "ராஜகோபுரத்தைப் பார்த்தால் விளிம்பு நெளிந்து தெரிகிறது. சந்நிதியில் நின்று பெருமாளின் திருமுகத்தைப் பார்த்தால் முகம் இல்லை. புகை படிந்தாற்போல் இருக்கிறது. திருவடியைப் பார்த்தால் மட்டும் திருமுகம் ஓரத்தில் கொஞ்சம் தெரிகிறது" என்றார்.

கண் மருத்துவ நூல்களில் பல பக்கங்களில் விளக்கப்படும் நோயின் இரு முக்கிய அறிகுறிகளை அவர் மூன்று வாக்கியங்களில் சொல்லிவிட்டார். நேர்க்கோடு நெளிவது ஒன்று. நேராகப் பார்க்கும் பொருள் மறைந்து, ஓரத்தில் உள்ளவை தெரிவது மற்றொன்று. தெற்கு நோக்கிச் சயனித்திருக்கும் பெரிய பெருமாளின் திருமுடி மேற்கிலும் திருவடி கிழக்கிலும் அமைந்திருப்பதால், எங்கே பார்த்தால் எது தெரிகிறது என்பதைத் தாமே அளந்து வைத்திருந்தார். அவருடைய ஒப்புதலோடு, பெயரைத் தவிர்த்து, அவர் கண்ணின் கதையை இந்த இதழில் எழுதுகிறோம். முதுமைசார் மாகுலா சிதைவு என்னும் நோய்க்குக் கண்ணில் ஊசி போட்டுக்கொள்ளும் ஒவ்வொருவரும், "ஒவ்வொரு முறையும் எதற்காக இந்தப் படம்?" என்று ஒரு தடவையேனும் எங்களைக் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு வெளிநோயாளர் அறையின் நெரிசலில் எங்களால் முழுமையாக விடை கூற முடிந்ததில்லை.

கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய திரையே விழித்திரை. அதன் நடுவே, சுமார் ஐந்தரை மில்லிமீட்டர் குறுக்களவுள்ள பகுதிக்கு மாகுலா என்று பெயர். எழுத்தைப் படிப்பது, ஊசியில் நூல் கோப்பது, எதிரே வருபவரின் முகத்தை அடையாளம் காண்பது, அரிசியில் கல் பொறுக்குவது ஆகிய அனைத்தும் அந்தச் சிறு வட்டத்தின் வேலை. சுற்றியுள்ள பரந்த விழித்திரை, நடமாடுவதற்கு வேண்டிய பார்வையைத் தரும். ஆகையால் மாகுலா சிதைந்தவர் வீட்டுக்குள் தட்டுத் தடுமாறாமல் நடப்பார். ஆனால் பேரனின் முகத்தைக் குரலால்தான் அறிவார். இதைப் புரிந்துகொள்ளாத உறவினர்கள், "கீழே கிடந்த குண்டூசி தெரிகிறது, நான் நிற்பது தெரியவில்லையா?" என்று வருத்தப்படுவதை நாங்கள் பலமுறை கேட்டிருக்கிறோம். நோயாளி பொய் சொல்லவில்லை. அவருடைய நோய் அப்படிப்பட்டது.

இந்நோய் பெரும்பாலும் ஐம்பது வயதுக்கு மேல் வருவது. உலர் வகை, ஈர வகை என இரண்டாகப் பிரிப்பர். உலர் வகையில் மாகுலாவின் அடியில் மஞ்சள் நிறப் படிவுகள் சேர்ந்து, ஆண்டுக்கணக்கில் மெதுவாகப் பார்வை குறையும். ஈர வகை அவசரக்காரன். விழித்திரைக்கு அடியிலுள்ள அடுக்கிலிருந்து தேவையற்ற புதிய இரத்தக் குழாய்கள் முளைக்கின்றன. அவற்றின் சுவர் உறுதியற்றது. நீர் கசியும், சில வேளை இரத்தமும் கசியும். கசிந்த நீர் மாகுலாவை மேடாக்குவதால்தான் நேர்க்கோடு நெளிகிறது. கவனியாது விட்டால் அவ்விடம் வடுவாக இறுகிவிடும். வடுவான மாகுலாவுக்குப் பார்வையைத் திருப்பித் தரும் மருந்து இன்றும் இல்லை. அந்த அம்மையாரின் இடக்கண்ணில் நாங்கள் கண்டது அத்தகைய வடுவைத்தான். வலக்கண்ணில் கசிவு அப்போதுதான் தொடங்கியிருந்தது. அதாவது, எஞ்சியிருந்த ஒரே நல்ல கண்ணோடு அவர் வந்திருந்தார்.

ஒளியால் எடுக்கும் குறுக்குவெட்டு

ஓ.சி.டி. என்று எங்கள் சீட்டில் எழுதப்படும் பரிசோதனை, விழித்திரையின் குறுக்குவெட்டுத் தோற்றத்தைக் காட்டுவது. சாதாரணக் கண் புகைப்படம் வயலை மேலிருந்து பார்ப்பது போன்றது. நீர் எங்கே தேங்கியிருக்கிறது என்பதை ஓரளவு ஊகிக்கலாம். ஓ.சி.டி. படமோ வரப்பை வெட்டி மண்ணின் அடுக்குகளைப் பக்கவாட்டில் பார்ப்பதற்கு ஒப்பானது. எந்த அடுக்கில், எவ்வளவு ஆழத்தில் நீர் என்பது கண்ணெதிரே தெரியும்.

வயிற்றுக்கு எடுக்கும் ஸ்கேன் ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு ஆழத்தை அளக்கிறது. இங்கே ஒலிக்குப் பதில் ஒளி. ஆனால் ஒளி ஒரு நொடியில் மூன்று இலட்சம் கிலோமீட்டர் செல்வது. விழித்திரையின் தடிமனோ கால் மில்லிமீட்டர் அளவு. அவ்வளவு சிறு தொலைவை ஒளி கடக்கும் நேரத்தை நேரடியாக அளக்கும் மின்னணுக் கருவி கிடையாது. எனவே ஒளிக்கற்றையை இரண்டாகப் பிரித்து, ஒன்றைக் கண்ணுக்குள்ளும் மற்றொன்றை ஒரு கண்ணாடியின் மீதும் செலுத்துகிறார்கள். திரும்பி வரும் இரண்டும் கலக்கும்போது உண்டாகும் குறுக்கீட்டைக் கொண்டு ஆழம் கணக்கிடப்படுகிறது. 1991-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜேம்ஸ் ஃபுஜிமோட்டோவின் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த டேவிட் ஹுவாங், எரிக் ஸ்வான்சன் முதலியோர் கண் மருத்துவர்களுடன் சேர்ந்து இம்முறையை வெளியிட்டனர். 1996-இல் முதல் வணிகக் கருவி சந்தைக்கு வந்தது. தொடக்கக் காலக் கருவிகள் நொடிக்குச் சில நூறு கோடுகளைத்தான் பதிவு செய்தன. இன்றுள்ளவை பல பத்தாயிரம் கோடுகளைப் பதிவு செய்வதால், நோயாளி கண்ணை இமைப்பதற்குள் வேலை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது.

இதில் எக்ஸ்-கதிர் இல்லை. கண்ணைத் தொடுவதும் இல்லை. மங்கலான செந்நிறக் கோடு ஒன்று நகர்வது மட்டும் தெரியும். எத்தனை முறை எடுத்தாலும் கண்ணுக்குக் கேடில்லை. "அடிக்கடி எடுத்தால் நரம்பு கெட்டுவிடுமாமே?" என்று கேட்பவர்களுக்காக இதைத் தனியாகவே எழுதுகிறோம்.

இதற்கு முன் மருத்துவர்களுக்குப் பெருந்துணையாக இருந்தது, கையின் நாளத்தில் ஃபுளோரசீன் என்னும் மஞ்சள் சாயத்தை ஏற்றி எடுக்கும் படம். 1961-இல் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் நோவோட்னி, ஆல்விஸ் என்னும் இரு மருத்துவ மாணவர்கள் அதனை வெளிப்படுத்தினர். புதிய இரத்தக் குழாய் எங்கே, எப்படிக் கசிகிறது என்பதை அது இன்றும் தெளிவாகக் காட்டும். ஆகையால் முதல் வருகையில் சிலருக்கு அதையும் பரிந்துரைக்கிறோம். சாயம் ஏற்றியபின் தோலும் சிறுநீரும் ஒரு நாள் மஞ்சளாக இருப்பது கண்டு மஞ்சள் காமாலை என்று அஞ்சவேண்டாம். ஆயினும் மாதந்தோறும் நாளத்தில் சாயம் ஏற்றிக்கொண்டிருக்க யாராலும் இயலாது. சிகிச்சையைத் தொடர்ந்து கண்காணிப்பது நடைமுறையில் சாத்தியமானது ஓ.சி.டி. வந்த பிறகுதான்.

ஊசியும் படமும்

ஈர வகைக்கு ஒரு காலத்தில் லேசர் கொண்டு கசியும் குழாயைச் சுடுவதே வழியாக இருந்தது. குழாயோடு அதன் மேலிருக்கும் விழித்திரையும் கருகியதால், நடுப்புள்ளியில் அதைச் செய்யத் தயங்கினார்கள். புதிய குழாய்களை வளரத் தூண்டும் வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தைத் தடுக்கும் மருந்துகள் வந்ததும் நிலை மாறியது. ரானிபிசுமாப் மருந்துக்கு 2006-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அவ்வாண்டு வெளியான மரினா ஆய்வில், அம்மருந்தை மாதந்தோறும் பெற்றவர்களில் ஏறத்தாழ 95 விழுக்காட்டினர் ஓராண்டு முடிவில் பார்வைப் பலகையில் பதினைந்து எழுத்துக்கும் குறைவாகவே இழந்திருந்தனர். மருந்தில்லாதவர்களில் அந்த அளவு 62 விழுக்காடு. இழப்பைத் தடுத்ததோடு நில்லாமல், மருந்து பெற்றவர்களில் கணிசமானோருக்குப் பார்வை மேம்பட்டதும் அதுவரை காணாத செய்தி.

பெருங்குடல் புற்றுநோய்க்காக 2004-இல் அனுமதிக்கப்பட்ட பெவாசிசுமாப் என்னும் மருந்தையும் கண்ணில் மிகச் சிறு அளவில் செலுத்தலாம் என்பதை மயாமி நகரின் பிலிப் ரோசன்ஃபெல்ட் 2005-இல் காட்டினார். விலை பன்மடங்கு குறைவு. இரண்டையும் ஒரே கால அட்டவணையில் கொடுத்தால் பார்வைப் பயன் சமமே என்று 2011-இல் அமெரிக்க அரசின் நிதியில் நடந்த கேட் ஆய்வு கண்டறிந்தது. 2015-இல் அகமதாபாத்தின் இன்டாஸ் நிறுவனம் தயாரித்த ரானிபிசுமாப் மாற்று மருந்துக்கு இந்தியாவில் ஒப்புதல் கிடைத்ததும் நம் நாட்டு நோயாளிகளுக்கு ஒரு திருப்பம். அஃப்லிபெர்செப்ட், ஃபாரிசிமாப் முதலியவை பின்னர் வந்தவை. எந்த மருந்து யாருக்கு என்பது கண்ணின் நிலை, கைப்பணம், காப்பீடு ஆகிய மூன்றையும் வைத்துப் பேசி முடிவு செய்யவேண்டியது. இதில் கூச்சப்பட வேண்டாம். நடுவில் நிறுத்திவிடும் விலை உயர்ந்த மருந்தைவிட, தொடர்ந்து போட்டுக்கொள்ளக்கூடிய விலையிலான மருந்தே கண்ணுக்கு நல்லது என்பது எங்கள் கருத்து.

மாதம் ஓர் ஊசி என்பது ஆய்வுக்கூடத்தில் சரி. வாழ்க்கையில்? ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை கண்ணில் ஊசி என்றதும் மனம் தளராதவர் யார்? இங்கேதான் படம் துணைக்கு வந்தது. மயாமியில் நாற்பது நோயாளிகளை வைத்து நடத்தப்பட்டு 2007-இல் வெளியான புரோன்டோ ஆய்வில், முதல் மூன்று மாதம் ஊசி போட்டபின், ஓ.சி.டி. படத்தில் நீர் தெரிந்தால் அல்லது பார்வை குறைந்தால் மட்டும் மீண்டும் போட்டார்கள். ஓராண்டில் சராசரியாக 5.6 ஊசிகளே தேவைப்பட்டன. பார்வைப் பயன் மாதாந்திர ஊசிக்கு ஏறத்தாழ நிகராக இருந்தது. சிறிய ஆய்வுதான். ஆனால் ஊசியை நாட்காட்டி தீர்மானிக்க வேண்டியதில்லை, படம் தீர்மானிக்கலாம் என்ற எண்ணத்துக்கு அது வலுவூட்டியது. ஊசியைக் குறைக்கலாம், பார்ப்பதைக் குறைக்க முடியாது என்பதும் அதே ஆய்வு மறைமுகமாகச் சொன்னதுதான். அந்த நாற்பது பேரும் மாதந்தோறும் பரிசோதிக்கப்பட்டார்கள்.

இன்று நாங்கள் பெரும்பாலும் பின்பற்றுவது, இடைவெளியைப் படிப்படியாக நீட்டும் முறை. தொடக்கத்தில் நான்கு வாரத்துக்கு ஒன்றாக மூன்று ஊசிகள். பின் ஒவ்வொரு வருகையிலும் படம் எடுத்து, நீர் இல்லாவிட்டால் ஊசி போட்டு, அடுத்த தேதியை இரண்டு வாரம் தள்ளி வைப்போம்: ஆறு, எட்டு, பத்து, சிலருக்குப் பன்னிரண்டு வாரம் வரை. நீர் திரும்பினால் இடைவெளியைச் சுருக்குவோம். "நீர்தான் இல்லையே, பிறகு ஏன் ஊசி?" என்று கேட்கும் நோயாளிகளிடம் நியாயம் இருக்கிறது. குழாய் மறைந்துவிடவில்லை, அடங்கியிருக்கிறது. மருந்தின் வேகம் தீரும் முன்பே அடுத்த தவணையைக் கொடுத்து அதை அடங்கிய நிலையிலேயே வைத்திருக்கிறோம்.

தவறிய தவணை

அந்த அம்மையாருக்கு ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மூன்று ஊசிகள் போடப்பட்டன. முதல் படத்தில் மாகுலா குன்றுபோல் மேடிட்டு, அதனுள் கறுப்புக் குமிழ்கள் தெரிந்தன. ஓ.சி.டி. படத்தில் நீர் ஒளியைத் திருப்பி அனுப்பாததால் கறுப்பாகத் தோன்றும். நவம்பர் மாதப் படத்தில் குமிழ்கள் வற்றி, மாகுலாவின் நடுவே இயல்பாக இருக்கவேண்டிய பள்ளம் மீண்டும் தெரிந்தது. 6/36 என்றிருந்த பார்வை 6/12 ஆயிற்று. திவ்வியப் பிரபந்தப் புத்தகத்தின் சிறிய எழுத்தைக் கண்ணாடியோடு படிக்கிறேன் என்று மகிழ்ந்தார். நான்காவது ஊசியைப் போட்டு, ஆறு வாரம் கழித்து வரும்படி சீட்டில் எழுதினோம்.

அவர் வரவில்லை. ஆறாவது வாரம் மார்கழியில் விழுந்தது. ஸ்ரீரங்கத்தில் பகல் பத்தும் இராப் பத்தும் நடக்கும் நாட்களில் வீட்டில் உறவினர் கூட்டம். காவிரிப் பாலம் பழுதுபார்ப்புப் பணிக்காக மூடப்பட்டு, பேருந்துகள் சுற்றிச் சென்ற மாதங்களும் அவைதாம். எல்லாவற்றுக்கும் மேலாக, கண் நன்றாகத் தெரிந்தது. நன்றாகத் தெரியும் கண்ணுக்கு மருத்துவமனை எதற்கு?

மார்ச் மாதம் பேத்தி அழைத்து வந்தபோது, கோபுரம் மறுபடியும் நெளிந்திருந்தது. படத்தில் நீரோடு சிறிது இரத்தமும் இருந்தது. அடுத்தடுத்து மூன்று ஊசிகள் போட்டோம், நீர் வற்றியது. பார்வை 6/18-இல் நின்றுவிட்டது. ஒரு வரிதானே என்று தோன்றலாம். அந்த ஒரு வரியில்தான் அவருடைய பழைய புத்தகத்தின் எழுத்து இருந்தது. இப்போது பெரிய எழுத்துப் பதிப்பில் படிக்கிறார்.

அவர்மேல் குறை சொல்லி இதை முடித்துவிட எங்களுக்கு மனம் ஒப்பவில்லை. நவம்பரில் நாங்கள் சீட்டில் தேதியை எழுதினோமேயன்றி, படத்தை அவருக்கோ பேத்திக்கோ காட்டவில்லை. ஏன் வரவேண்டும் என்பதை விளக்கவில்லை. வராதவரைத் தொலைபேசியில் அழைக்கும் ஏற்பாடும் அப்போது எங்களிடம் இல்லை. பார்வை குறைவதற்கு முன்பே நீர் படத்தில் தெரிந்துவிடும் என்பது எங்களுக்குத் தெரியும், நோயாளிக்குத் தெரியாது. இந்த இடைவெளிக்கு ஒரு வரி விலையாகப் போனது. இப்போது ஊசி அறைக்குச் செல்லுமுன் முந்தைய படத்தையும் அன்றைய படத்தையும் அருகருகே திரையில் வைத்துக் குடும்பத்தாருக்குக் காட்டுகிறோம். காட்டாவிட்டால் தயவுசெய்து கேளுங்கள்.

படத்தைக் காட்டத் தொடங்கியதும் வேறொரு சிக்கல் எழுந்தது. அறிக்கையின் மூலையில் மாகுலாவின் தடிமன் மைக்ரான் கணக்கில் அச்சாகும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நடுப்பகுதியின் தடிமன் பலருக்கு 250 மைக்ரானையொட்டி இருக்கும். சர்க்கரை அளவைக் கணக்கிடுவதுபோல் இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, கூடினால் கலங்குவதும் குறைந்தால் மகிழ்வதும் குடும்பத்தாரிடம் வழக்கமாகிவிட்டது. எண் மட்டும் போதாது. ஒரு நிறுவனத்தின் கருவி எடுக்கும் அளவும் மற்றொன்றின் அளவும் ஒத்திருக்க வேண்டிய அவசியமில்லை. தடிமனின் கீழெல்லையை ஒவ்வொன்றும் வெவ்வேறு அடுக்கில் குறிக்கிறது. சென்னையில் எடுத்த எண்ணையும் திருச்சியில் எடுத்த எண்ணையும் ஒப்பிட்டு நோய் கூடிவிட்டது என்று முடிவு கட்டவேண்டாம். மேலும், தடிமன் குறைவது எப்போதும் நற்செய்தி அன்று. நீர் வற்றியும் குறையலாம். திசு நலிந்தும் குறையலாம். படத்தின் அடுக்குகளைப் பார்த்தால்தான் இரண்டையும் பிரித்தறிய முடியும்.

நீரிலும் வேறுபாடு உண்டு. விழித்திரையின் அடுக்குகளுக்கு உள்ளே குமிழாகத் தங்கும் நீர் பார்வைக்கு மிகுந்த கேடு செய்வது. விழித்திரைக்கு அடியில் மெல்லிய ஏடாகத் தங்கும் சிறிதளவு நீரைச் சில கண்கள் பொறுத்துக்கொள்கின்றன. ஆஸ்திரேலியாவில் ராபின் கைமர் தலைமையில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், அத்தகைய சிறிதளவு நீரைப் பொறுத்துக்கொண்டு இடைவெளியை நீட்டியவர்களின் பார்வை, முழுவதும் வற்றும்வரை ஊசி போட்டவர்களுக்கு நிகராகவே இருந்தது. ஆகவே ஒரே நாளில் பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருப்பவருக்கு ஊசியும் உங்களுக்கு இடைவெளி நீட்டிப்பும் கிடைத்தால், அது பாரபட்சம் அன்று. இரு படங்களும் வேறு.

வரும் நாளில் கவனிக்கவேண்டியவை

பாவையை விரிக்கும் சொட்டு மருந்து இட்டால் நான்கு முதல் ஆறு மணி நேரம் வரை மங்கலும் கூச்சமும் இருக்கும். இருசக்கர வாகனம் ஓட்டி வரவேண்டாம். லால்குடி, முசிறி, துறையூர், மணப்பாறைப் பக்கங்களிலிருந்து வருவோர் திரும்பும் பேருந்தைக் கணக்கிட்டுத் துணைக்கு ஒருவரை அழைத்து வருவது நல்லது. பழைய படங்களின் அச்சுப் பிரதிகளைத் தவறாமல் கொண்டு வாருங்கள். ஒற்றைப் படத்தைவிட வரிசையாக வைக்கப்பட்ட நான்கு படங்கள் பலமடங்கு பேசும். கருவியின் முன் தாடையை வைத்தபின் உள்ளே தெரியும் சிறு குறியையே பார்க்கவேண்டும். நடுப்பார்வை இழந்தவர்களுக்கு அந்தக் குறியே தெரியாது. அதைச் சொல்லத் தயங்கிக் கண்ணை அலையவிடுகிறார்கள், படம் பிசகிவிடுகிறது. தெரியவில்லை என்று சொன்னால் எங்கே பார்ப்பது என்று தொழில்நுட்பர் வழிகாட்டுவார்.

கண்ணில் ஊசி என்னும் சொல்லே அச்சமூட்டுவதுதான். மரத்துப் போவதற்கான சொட்டு மருந்து இட்டபின், கருவிழியின் ஓரத்திலிருந்து மூன்றரை முதல் நான்கு மில்லிமீட்டர் தள்ளி, வெள்ளைப் பகுதியில், மயிரிழை போன்ற ஊசியால் 0.05 மில்லிலிட்டர் மருந்து செலுத்தப்படும், ஒரு துளிதான். அழுத்தமாக உணர்வீர்கள்; வலி என்று சொல்வோர் சிலரே. கிருமிநாசினியால் அன்று மாலைவரை மணல் விழுந்தாற்போல் உறுத்தும். வெள்ளைப் பகுதியில் சிவப்புத் திட்டு ஓரிரு வாரத்தில் கரைந்துவிடும். ஆனால் ஊசிக்குப் பின் வரும் நாட்களில் வலி கூடிக்கொண்டே போனாலோ, கண் சிவந்து பார்வை மங்கினாலோ, ஒளியைப் பார்க்கக் கூசினாலோ, மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. ஏறத்தாழ இரண்டாயிரம் ஊசிகளில் ஒன்றில் கண்ணுக்குள் கிருமித் தொற்று ஏற்படக்கூடும். மணிக்கணக்கில் தாமதமானாலும் பார்வை போய்விடும். இரவானாலும் அவசரப் பிரிவுக்கு வாருங்கள். மருத்துவர் சொல்லும் நாள்வரை தலைக்குக் குளிப்பதும், அம்மா மண்டபத்தில் இறங்கி முழுக்குப் போடுவதும் வேண்டாம். அமாவாசையாயிருந்தாலும் தண்ணீரைக் கையில் எடுத்துத் தலையில் தெளித்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதுவும் கண்ணில் படாமல்.

இரண்டு வருகைகளுக்கு நடுவே வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய சோதனை ஒன்றுண்டு. சுவிட்சர்லாந்தின் மார்க் ஆம்ஸ்லர் வகுத்த கட்டத்தாளை ஒரு கண்ணை மூடிக்கொண்டு, படிக்கும் கண்ணாடியோடு, முப்பது சென்டிமீட்டர் தொலைவில் பிடித்து நடுப்புள்ளியைப் பார்க்கவேண்டும். கட்டங்கள் நெளிந்தாலோ விடுபட்டாலோ தேதிக்குக் காத்திராமல் வரவேண்டும். தாள் தொலைந்துவிட்டதென்றால் மாதக் காலண்டரின் கட்டங்கள் உதவும். சன்னல் கம்பியும் உதவும். ஒரு கண்ணை மூடுவதை மட்டும் மறக்கலாகாது. இரு கண்ணும் திறந்திருந்தால் நல்ல கண் கெட்ட கண்ணின் குறையை மறைத்துவிடும். அந்த அம்மையாரின் இடக்கண் அப்படித்தான் ஓசையின்றிப் போயிற்று. அவர் இப்போது வாசலில் புள்ளிக் கோலம் போட்டு முடித்ததும் இடக்கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு கோட்டைச் சரிபார்க்கிறார். கட்டத்தாளைவிட இது மேல் என்பது அவர் கட்சி, நாங்கள் மறுக்கவில்லை. படத்துக்கு இது மாற்றில்லை என்பதை மட்டும் சொல்லியிருக்கிறோம்.

உலர் வகை நோயாளிகள், "எங்களுக்கு ஊசியும் இல்லை, பின் எதற்குப் படம்?" என்று கேட்பதுண்டு. உலர் வகை ஈர வகையாக மாறக்கூடும் என்பதே விடை. நடுத்தர நிலையிலுள்ளோருக்கு வைட்டமின் சி, ஈ, துத்தநாகம், தாமிரம், லூட்டின், சியாசாந்தின் அடங்கிய மாத்திரைகள் நோய் முற்றும் வாய்ப்பைக் குறைக்கின்றன. இழந்த பார்வையை அவை மீட்பதில்லை. எல்லா நிலையினருக்கும் அவை தேவையும் இல்லை. புகைபிடிப்பவர் அதை விடுவதற்கு இணையான மருந்து எதுவும் கிடையாது. நோயாளி தாமே வீட்டில் படம் எடுத்துக்கொள்ளும் ஓ.சி.டி. கருவி ஒன்றுக்கு 2024-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி வழங்கியுள்ளது. அது நம் வீடுகளுக்கு வரும்வரை ஒன்றாம் எண் பேருந்துதான்.

உறையூரில் வாழ்ந்த பிள்ளை உறங்காவில்லி தாசர், மனைவி பொன்னாச்சியின் கண்ணழகில் தம்மை மறந்து, வெயில் படாமல் குடைபிடித்துச் சென்றவர். அவரை இராமானுசர் திருவரங்கனின் கண்ணழகைக் காணச் செய்தார் என்பது குருபரம்பரை வழங்கும் செய்தி. அந்த அம்மையார்தாம் ஊசி அறையில் காத்திருக்கும்போது எங்கள் செவிலியருக்கு இதைச் சொன்னார். "எனக்குக் குடை வேண்டாம், பெருமாளின் கண் தெரிந்தால் போதும்" என்றாராம். நேராகப் பார்த்தால் இன்னமும் சற்று மங்கல்தான். ஆனால் முகம் இருக்கிறது.

கடைசியாக வந்தபோது படத்தில் நீர் இல்லை. இடைவெளி பத்து வாரமாயிற்று. தேதியைக் கணக்கிட்ட பேத்தி, அது பகல் பத்தின் நடுவில் விழுகிறது என்றார். அம்மையார் எங்களைப் பார்த்தார். நாங்கள் நாட்காட்டியைப் பார்த்தோம். ஒன்பதாவது வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக் கொடுத்தோம்.